செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணி

கதவ இடிக்காதீங்க தம்பி. இடிச்சா தொறக்காது, உங்க கைதான் வீங்கும். அந்த மஞ்ச பட்டனையும் விடுங்க. அமுக்குனா மணி அடிக்கும், அவ்வளவுதான். அந்த மணிக்கு ஓடி வர்ற ஆளு இந்த பில்டிங்லயே நான் ஒருத்தன். நான்தான் வந்துட்டேனே. உக்காருங்க. தரையிலதான். பேண்ட் அழுக்கானா தொவைச்சுக்கலாம்.

மூச்செல்லாம் முட்டாது. மேல ஓட்டை இருக்கு, கதவு இடுக்கு இருக்கு. என் குரல் உள்ள வருதுல்ல, காத்து வராதா? முப்பத்திநாலு வருசத்துல லிஃப்டுக்குள்ள காத்தில்லாம செத்தவன் ஒருத்தனக்கூட நான் பாத்ததில்ல. கயிறும் அறாது. அஞ்சு கயிறு போகுது, அதுல ஒண்ணே உங்களத் தாங்கும். சாவியா? இருக்கு, பையிலதான் இருக்கு. ஆனா நீங்க மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நிக்கிறீங்க. தொறந்தா குதிப்பீங்க. இப்பிடி நடுவுல இருந்து குதிச்சுதான் ஆளுங்க கால ஒடிச்சுக்கறாங்க. பேசாம இருங்க. நான் இங்க படியில உக்காந்துக்கறேன்.

குரல் தெரியலயா? அதான பாத்தேன். ஆறாவது மாடி, லிஃப்ட் மெக்கானிக். ரெண்டு வருசம் முன்னாடி என் வீட்டு சோபாவுல உக்காந்து எனக்கு ஓய்வுகாலத் திட்டம் போட்டுக் குடுத்தீங்களே, அந்த ஆளு. ஆங், இப்ப வருதா ஞாபகம்? நல்லாருக்கீங்களான்னு கேக்கறீங்க பாருங்க, அந்தரத்துல நின்னுக்கிட்டு! உங்க தொழில் புத்தி உங்கள விடாது தம்பி.

யாரப் பாக்க வந்தீங்க, அஞ்சாவது மாடி ஹெட்மாஸ்டரையா? அவருக்கு வெள்ளிக்கிழமையோட சர்வீஸ் முடியுது. அந்த நீல ஃபைலும் கையில இருக்கும். அதே ஃபாரம்தானா? அதே நாப்பது கேள்வியா? என்கிட்டயும் கேட்டீங்களே. என்ன சேத்து வெச்சிருக்கீங்க, சக்கரை இருக்கா, எத்தன வயசு வரைக்கும் இருப்பீங்கன்னு நினைக்கிறீங்க. கட்டிக்கிட்டவ முன்னாடி உக்கார வெச்சு ஒருத்தன் எப்ப சாவான்னு கூச்சமில்லாம கேட்டீங்க. சரி, தொழில், கேட்டுக்குங்க. ஆனா செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணிக்கு நீ என்னய்யா பண்ணுவன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? நாப்பதுல ஒண்ணு கேட்டா கொறைஞ்சா போயிருப்பீங்க?

பணம் வருது தம்பி. ஒண்ணாந்தேதி டாண்ணு வருது. அதுல ஒரு குத்தமும் சொல்ல முடியல, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். ஒரு கொறை இருந்தா அதச் சொல்லியாவது உங்கள நாலு வார்த்த திட்டிட்டுப் போயிடுவேன்.

சிரிக்காதீங்க. எனக்கு சிரிப்பு வரல.

உங்க ஃபைல் அட்டையில ஒரு படம் இருக்கும் பாருங்க. வெள்ள முடி, வெள்ள சட்டை, கடற்கரையில ஒரு ஆளு பல்லக் காட்டிட்டு நிப்பான். நானும் போனேன் கடற்கரைக்கு. பத்து நிமிசம் நின்னேன். அப்பறம்? அந்தாளு பதினோராவது நிமிசம் என்ன பண்ணான்னு உங்க கம்பெனில எவனாச்சும் சொல்வானா? பூங்காவுக்கும் போனேன். அங்க ஒரு கூட்டம். நீங்க எந்த மாத்திரை போடறீங்க, காலையிலயா ராத்திரியா, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா. நாலு நாள் கேட்டேன், எனக்கே இல்லாத வியாதியெல்லாம் வந்த மாதிரி ஆயிடுச்சு. செடி வாங்குனேன், தண்ணிய ஊத்தி ஊத்தியே கொன்னேன். வேற வேல? வீட்டுல இருந்த மூணு ஃபேனையும் கழட்டி மாட்டுனேன். நல்லா ஓடிட்டிருந்த ஃபேன் தம்பி. மாட்டுனதுக்கு அப்பறம் ஒண்ணு கத்துது.

சொல்றேன், கேளுங்க. எங்க போகப்போறீங்க இப்ப?

உங்க முதுகுக்குப் பின்னாடி, பட்டனுக்குக் கீழ, ஒரு ஸ்டிக்கர் இருக்கு பாருங்க. மாட்டிக்கிட்டா இந்த நம்பருக்குக் கூப்பிடவும்னு. எங்க கம்பெனி லிஃப்ட் இந்த ஊர்ல இருநூத்திப் பதினாறு. அத்தனையிலயும் அங்க இருந்தது என் நம்பர்தான். நேரங்காலம் கெடையாது. ஃபோன் அடிக்கும். அந்தப் பக்கம் ஒரு பொம்பள அழும், ஒரு பெரிய அதிகாரி அம்மான்னு கத்துவான். நான் சொல்லுவேன், பயப்படாதீங்க, நான் வந்துட்டேன். சட்டைய மாட்டிட்டே சொல்லுவேன். வீட்டுக்குள்ளதான் இருப்பேன், ஆனா வந்துட்டேன்னு சொல்லுவேன். அது பொய்தான். ஆனா அந்த வார்த்தையக் கேட்டதும் அழுக நிக்கும் பாருங்க. அது ஒரு சொகம் தம்பி. எந்த சம்பளத்துலயும் வராது.

ரிட்டயர் ஆன அன்னைக்கு சால்வையப் போத்துனாங்க, கடிகாரம் குடுத்தாங்க. நேரம் போகாதவனுக்குக் கடிகாரம்! ஆனா ஸ்டிக்கர மாத்த மறந்துட்டாங்க. அவங்க சோம்பேறித்தனம் எனக்கு எட்டு மாசம் சோறு போட்டுச்சு, மனசுக்கு. ஃபோன் வரும், நான் ஓடுவேன். கம்பெனிக்குத் தெரிஞ்சதும் ஒருத்தன் கூப்பிட்டு, நீங்க எதுக்கு சார் வர்றீங்க, ஏதாச்சும் ஆனா யாரு பொறுப்புன்னான். யாரு பொறுப்பா? முப்பத்திநாலு வருசம் நான்தான்டா பொறுப்புன்னு ஃபோன வெச்சேன். அவனுங்க ஒவ்வொரு பில்டிங்கா போயி என் நம்பர் மேலயே புதுசா ஒட்டிட்டானுங்க. சுரண்டிக்கூட எடுக்கல, அது மேலயே. கடைசியா வந்தது ஒரு பல் டாக்டர் கிட்ட இருந்து. அதுக்கப்பறம் எனக்கு ஃபோன் பண்றது கடன் வேணுமான்னு கேக்கறவங்க மட்டும்தான்.

வீட்டுலயா? வீட்டம்மாவ நல்லா ஞாபகம் வெச்சிருக்கீங்க. அவ கெட்டிக்காரி. போஸ்ட் ஆபீஸ் கவுன்ட்டர்ல முப்பது வருசம். அவ உங்க ஃபாரத்தப் படிச்சுப் பாத்துட்டு, இதுல எல்லாம் இருக்கு, ஆளு மட்டும் இல்லியேன்னா. நான் உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அடக்கிட்டேன். அவ ரிட்டயர் ஆகறதுக்கு நாலு வருசம் முன்னாடியே ஆரம்பிச்சுட்டா. என்னத்தையா? நீச்சல்! பக்கெட் தண்ணியப் பாத்தே பயப்படறவ. அம்பத்தாறு வயசுல முழங்கால் வலிக்கு நல்லதுன்னு எவனோ சொன்னான்னு போனா. நான் கிண்டல் பண்ணேன், இந்த வயசுல உனக்கு எதுக்கு மீன் வேஷம்னு. வாரத்துல மூணு நாள், ஒம்பது மணிக்குப் பைய எடுத்துட்டுக் கெளம்புவா. அங்க அவளுக்கு ஆறு சிநேகிதிங்க. குளத்தோட அந்தக் கரை வரைக்கும் போயிட்டுத் திரும்புவாளாம். மத்தியானம் தலை ஈரமா வருவா, மொகம் அப்பிடி இருக்கும். நான் அதே சோபாவுல அதே எடத்துல இருப்பேன். சாப்டீங்களான்னு கேப்பா. நாய்க்குட்டியக் கேக்கற மாதிரி இருக்கும் எனக்கு.

பொறாமதான் தம்பி. சுத்தி வளைச்சு என்ன சொல்றது. அவ மேல கோவம், கம்பெனி மேல கோவம், உங்க மேல அதுக்கும் மேல. ஆமா, உங்க மேலதான். ஃபாரத்துல கேக்காதது உங்க தப்புன்னே வெச்சுக்கிட்டேன். கேட்டிருந்தாலும் நான் பதில் எழுதியிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும், அது வேற விஷயம்.

என்னது, ரொம்ப நேரம் ஆச்சா? இருபது நிமிசம். மெக்கானிக் வரமாட்டான். யாரும் கூப்பிடல, எப்பிடி வருவான்? கரண்டா? கரண்ட் எங்க போச்சு, படியில பல்ப் எரியுதே. மொட்டமாடி மெஷின் ரூம்ல மெயின் சுவிட்ச் எறங்கியிருக்கு. தானா எறங்கல, நான்தான் எறக்குனேன். நீங்க வண்டிய நிறுத்துறத மேல இருந்து பாத்தேன். லிஃப்ட் ஏறுற சத்தம் எனக்குப் பாடம். மூணத் தாண்டுச்சு, எறக்கிட்டேன்.

கத்துங்க. போலீஸுக்கும் சொல்லுங்க, சொல்லிக்கலாம். ஆனா மொதல்ல இதக் கேட்டுடுங்க. நீங்க ரெண்டாவது ஆளு. மொதல்ல அவதான்.

ஆமா, என் சம்சாரம். பதினேழு நாள் ஆச்சு. பைய எடுத்துட்டு லிஃப்டுல ஏறுனா, நான் படியேறி மேல போயி சுவிட்ச எறக்கிட்டேன். எதுக்குன்னா... ஒரு நாள் வீட்டுல இருக்கட்டுமேன்னு. ஒரு நாள் என்னக் கூப்பிடட்டுமேன்னு. கூப்பிட்டா தம்பி. என்னங்க, என்னங்கன்னு. முப்பத்தஞ்சு வருசத்துல அவ அப்பிடி அழுது நான் கேட்டதில்ல. பயப்படாத, நான் வந்துட்டேன்னேன். கதவு தொறந்ததும் ரெண்டு கையாலயும் என் கையப் புடிச்சுக்கிட்டா. நீங்க மட்டும் இல்லன்னா என்ன ஆயிருப்பேன்னா. அந்த நிமிசம் எனக்கு சந்தோசமா இருந்துச்சு. அதத்தான் என்னால தாங்க முடியல.

அதுக்கப்பறம் அவ லிஃப்டுல ஏறல. கதவு கிட்ட வருவா, பட்டன் வரைக்கும் கை போகும், திரும்பிடுவா. படி ஏற முழங்கால் விடாது, ஆறு மாடி. பை கதவுக்குப் பின்னாடி தொங்குது. சிநேகிதிங்க ஃபோன் பண்ணா ஒடம்பு சரியில்லன்னு பொய் சொல்றா. இப்ப சோபாவுல என் பக்கத்துல உக்காந்திருக்கா, காலைல பத்து மணிக்கு. நான் கேட்டது கெடைச்சிருச்சு. லிஃப்ட் நல்லாத்தான் இருக்குன்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. வேணும்னே நிறுத்துனேன்னு சொல்லணும். தெனமும் வாய் வரைக்கும் வருது, அதுக்கு மேல வரல.

உங்க மேல அவளுக்கு மரியாதை உண்டு தம்பி. எந்திரிச்சு கம்பியப் புடிச்சுக்குங்க. நான் மேல போயி சுவிட்ச போடறேன். லேசா ஆடும். அஞ்ச அமுக்காதீங்க, ஆற அமுக்குங்க. எறங்குனா எடது பக்கம் வீடு. லிஃப்டுல ஒரு கோளாறும் இல்லம்மா, உங்க வீட்டுக்காரருதான் நிறுத்துனாரு, ரெண்டு தடவையும்னு சொல்லிடுங்க. அவ என்ன சொல்லித் திட்டுனான்னு வந்து சொல்ல வேணாம். நான் மெஷின் ரூம்லயே உக்காந்திருக்கேன். அவ பைய எடுத்துட்டு கீழ போனா, மோட்டார் ஓடற சத்தம் எனக்கே கேக்கும்.