கேளாமல் விட்ட கேள்விக்காகத் தலைகுனிந்து

கடலோரத் தாய்மாரின் கலக்கம் தீர்த்த கருணைக் கரமே! கடிந்த சொல் அறியாத கனிவின் உறைவிடமே! பதின்மூன்று ஆண்டுகள் எங்கள் மகப்பேற்று விடுதியின் பொறுப்புத் தாதியாய்ப் பணியாற்றி இன்று ஓய்வுபெறும் யூஜீனியா மிஸ்ஸி அவர்களே!

புகழத் தொடங்கிய நாவு இவ்விடத்திலேயே தடுமாறுகிறது.

போர் ஓய்ந்த மறு ஆண்டு வந்த தாங்கள், பிரஷர் ஏறிய கர்ப்பிணிகளின் கட்டிலருகே கதிரை போட்டு அமர்ந்து விசாரித்தீர்கள். பிரஷர் குளிசைகளில் மெதில்டோப்பா போட்டவர் யார், நிபெடிப்பின் போட்டவர் யார், எவருக்கு எத்தனை நாளில் பிரஷர் இறங்கிற்று, எவருக்குத் தலையிடித்தது, எவர் தூக்கம் தாளாமல் குளிசையை நிறுத்தினார் என்றெல்லாம் கொப்பியில் ஒப்பிட்டு எழுதினீர்கள்.

நாங்களோ நகைத்தோம். "மிஸ்ஸி டொக்டராகப் பாக்கிறா" என்று கதைத்தோம். நோயாளரைக் கவனியாது கொப்பி எழுதுகிறார் என்று மேலிடத்துக்குப் பொய் மனுவும் அனுப்பினோம். தாங்கள் காயத்துக்கு மருந்து கட்டும் அறைக்கு மாற்றப்பட்டீர்கள்.

தாங்கள் அங்கே இருந்த எட்டு மாதங்களுக்குள்தான் எலுவன்குளத்து றம்ஸியா கிளினிக்குக்கு வந்தார். நாளுக்கு மூன்று வேளை மெதில்டோப்பா என்று அட்டையில் இருந்தது, பிரஷர் இறங்கவில்லை. குளிசையைக் கூட்டி வீட்டுக்கு அனுப்பினோமேயன்றி, போடுகிறாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. பத்தாம் நாள் வலிப்போடு கொண்டுவந்தார்கள். தாய் பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை.

தெளிந்தபின் அவர் சொன்னார்: "பகல் குளிசை போட்டா தல தூக்க ஏலா மிஸ்ஸி. வயலுக்குப் போகணுமே, அதால விட்டுட்டன். நீங்க ஒரு ஆளாச்சும் கேக்கல்லையே."

அதன் பிறகே மேலிடத்தில் எங்கள் பொய்யை ஒப்புக்கொண்டோம். திரும்பி வந்த தாங்கள் எங்களை ஒரு சொல்லும் ஏசவில்லை. "றம்ஸியாவுக்கு இப்ப பிரஷர் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டீர்கள். ஏசியிருந்தால் எங்களுக்கு மனம் ஆறியிருக்கும்.

றம்ஸியா மறுபடி கருவுற்றபோது, அவரது வேலையும் வேளையும் கேட்டறிந்து, டொக்டரிடம் எடுத்துரைத்து, காலையும் மாலையும் மட்டும் போடும் நிபெடிப்பினுக்கு மாற்றுவித்தீர்கள். "தலையிடிச்சா நிப்பாட்டாதைங்க, உடனே எங்களிட்ட வாங்க" என்று சொல்லி அனுப்பினீர்கள். அந்த மகள் இன்று நேர்சரிக்குப் போகிறாள். முதற்பிள்ளையை எங்களால் மீட்டுத் தர இயலாது.

அன்புசால் மிஸ்ஸி! தாங்கள் நோய்நொடியின்றி நெடுங்காலம் நிம்மதியாய் வாழ இறைவனை இறைஞ்சுகிறோம். இம்மடலைத் தங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப எங்களுக்கு முகமில்லை. சட்டமிட்டு இவ்விடுதிச் சுவரிலேயே மாட்டுகிறோம். புதிதாய் வரும் தாதியர் எங்கள் பெயர்களோடு வாசிக்கட்டும்.

நாணத்துடன்,
அஜித்தா, ஷம்லா, ஜெமீல், சித்தி மரியம்
மற்றும் மகப்பேற்று விடுதி ஊழியர்