மேல் ஓரத்தில் ஒரு குடை

— பூமி உருண்டை எங்கம்மா?

— எந்த உருண்டை பாய்?

— பழைய வெப்சைட்டுல மூலையில சுத்தினு இருந்துச்சே, நீலக் கலர்ல. அத இன்னா பண்ண?

— எடுத்துட்டேன், வஹீத் பாய்.

— எடுத்துட்டியா! இருபத்தஞ்சி வருஷமா நிக்காம சுத்தின உருண்டம்மா அது. எக்ஸ்போர்ட் கம்பெனின்னு பாத்தவொடனே தெரிய வேணாமா? உருண்ட இல்லன்னா பைபாஸ் ஓரத்துல பெல்ட்டு விக்கறவன் மாதிரி ஆயிடும்.

— ஆம்பூர்ல இருந்து ராணிப்பேட்டை வரைக்கும் எந்தத் தோல் கம்பெனி சைட்ட தொறந்தாலும் அதே உருண்டதான் பாய் சுத்தினு இருந்துச்சி. இருக்கறது ஒரே பூமி. எத்தினி பேருதான் சுத்துவீங்க?

— அரே ஹெலன், உனக்கு வாய் ஜாஸ்தி. காலேஜ்ல கம்ப்யூட்டரோட சேத்து இதையும் சொல்லிக் குடுத்தாங்களா?

— இல்ல பாய். இது எங்க வீட்டுச் சொத்து.

— சரி, "வெல்கம் வெல்கம்"னு எழுத்து ஓடுமே, அது?

— நிறுத்திட்டேன். படிக்கறவங்க எழுத்துக்குப் பின்னாடியே ஓடணுமா?

— எத்தினி பேரு வந்து பாத்தாங்கன்னு கீழ ஒரு நம்பர் இருந்துச்சே?

— அத உள்ள போயி பாத்தேன் பாய். பண்ணிக் குடுத்தவன் ஆரம்பிக்கும்போதே பெரிய நம்பரா போட்டுத்தான் ஆரம்பிச்சிருக்கான். அதுக்கு மேல ஏறினதுல பாதி நீங்களே தொறந்து தொறந்து பாத்தது.

— நான் செக் பண்ணேன்! மொதலாளி செக் பண்ண வேணாமா?

— பண்ணலாம் பாய். அப்பறம் "உலகமே நம்மள பாக்குது"ன்னு காலண்டர்ல அச்சடிச்சீங்களே, அதுதான் கொஞ்சம் ஓவரு.

— சிரிக்காத. அந்தக் காலத்துல இன்டர்நெட்டுக்கு ஒரு மரியாத இருந்துச்சிம்மா. பஜார்ல பிரவுசிங் சென்டரு, ஏசி ரூமு. செருப்ப வெளிய வுட்டுட்டுத்தான் உள்ள போவணும். வெள்ளக்காரனுக்கே ஷூ அனுப்பறவன் நான், எனக்கே அந்தக் கதி. மோடம்னு ஒரு டப்பா, போன் லைன்ல சொருகினா பக்ரீத் ஆடு மாதிரி கத்தும். அப்பறம் போட்டோ மேலருந்து எறங்கும் பாரு, கொஞ்சம் கொஞ்சமா. நெத்தி தெரியும். ஒரு டீ சொல்லுவோம். மூக்கு தெரியும். டீ குடிச்சி முடிச்சாத்தான் மீச வரும்.

— இப்ப மொத்த மூஞ்சியும் கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடுது பாய். ஒளிச்சி வைக்கத்தான் டைம் கெடைக்க மாட்டேங்குது.

— ஒளிக்க நம்மகிட்ட இன்னா இருக்கு? சரி, இத சொல்லு. இந்த சைட்டு இப்ப எங்க இருக்கு? இதோ இந்த டிவியில தெரியுது. இதுக்குள்ளயா இருக்கு?

— இல்ல பாய். பம்பாய்ல ஒரு கம்ப்யூட்டர் ராத்திரி பகலா ஓடினே இருக்கு. சர்வர்னு பேரு. நம்ம சைட்டு அதுல கெடக்கு. யாராவது நம்ம அட்ரஸ அடிச்சா, இந்தான்னு ஒரு காப்பி அனுப்பிடும். வாங்கினவங்க போன்ல பிரவுசர் இருக்குல்ல, அது அந்தக் காப்பியப் படிச்சி படமா விரிச்சிக்கும்.

— யாரு கேட்டாலும் குடுத்துடுமா? வாச்மேன் கெடையாதா?

— எல்லாரும் பாக்கணும்னுதான பாய் சைட்டே போடறோம்!

— லேகின்... ஆனா வாணியம்பாடிக்காரன் பாத்து நம்ம டிசைன காப்பி அடிச்சிட்டா? மவுஸ்ல ரைட் பட்டன் அமுக்கினா வேல செய்யக் கூடாது. பழைய சைட்டுல அப்படித்தான் இருந்துச்சி.

— ஏற்கெனவே காப்பி அவன் வீட்டுக்கே போயாச்சி. பந்தில எலை போட்டு சோறு வச்சிட்டு, வாசல்ல நின்னு தொடாதன்னு சொல்றீங்க.

— பேஜாரும்மா உன்னோட. சரி, காப்பில இன்னா போவுது? இதே படமா?

— படமும் போவும், எழுத்தும் போவும். ஹெச்டிஎம்எல்னு ஒன்னு, உள்ள இன்னா இன்னா இருக்குன்னு சொல்லும். இது தலைப்பு, இது போட்டோ, இது பாய் பேசற பேச்சு. சிஎஸ்எஸ்னு இன்னொன்னு, அது எப்படித் தெரியணும்னு சொல்லும். இன்னா கலரு, எவ்ளோ பெருசு, எத மறைக்கணும், எத காட்டணும். தொட்டா ஆடணும் அசையணும்னா ஜாவாஸ்கிரிப்ட்.

— அட, நம்ம ஃபினிஷிங் செக்‌ஷன்! தோலு ஒன்னுதான். மேல அடிக்கற சாயத்துலதான் எல்லாம் இருக்கு.

— கரெக்ட் பாய். அடியில இருக்கற கீறலு அடியிலயேதான் இருக்கும்.

— நீ இன்னாம்மா நல்லது சொன்னாலும் முள்ளு வச்சே சொல்ற. இன்னிக்கி வேணாம் இதெல்லாம். ஜெர்மன் மேடம் வந்துனு இருக்காங்க, தெரியும்ல? ரம்ஜானுக்கு அப்பறம் பாதி டேபிள் காலியா கெடக்கு. இந்த ஆர்டர் வர்லன்னா தையல் பொண்ணுங்கள நான் வீட்டுக்குத்தான் அனுப்பணும். அவங்க மொகத்த எப்படிப் பாப்பேன்? ராத்திரி தூக்கமே இல்ல எனக்கு. அந்த மேடத்துக்கு வெறும் ஷூ பத்தாதாம், கத வேணுமாம். கம்பெனிய ஆரம்பிச்சவரு போட்டோவ ஷூ டப்பா மேலயே போடுவாங்களாம்.

— அதுக்குத்தான் மொதப் பக்கத்துல இந்தப் படம்.

— மாஷா அல்லா! டிவியில எப்படி நிக்குது பாரு. எங்க அப்பாஜான். தலையில ஆட்டுத் தோல் கட்டு, கூட்ஸ் ஷெட் படிக்கட்டுல எறங்கி வர்றாரு. கீழ நவீத் எழுதினதப் படி.

— "தலையில் தோல் சுமந்து தொடங்கிய பயணம்." உங்க பையன் எம்பிஏ படிச்சது வீண் போவல பாய். அப்ப இவருதான் உங்க அப்பா?

— பின்ன உங்க அப்பாவா?

— கழுத்துல எதோ தொங்குது.

— தாயத்தும்மா. சின்ன வயசுல பயந்திருப்பாரு, கட்டியிருப்பாங்க.

— யாரு புடிச்ச போட்டோ?

— சர்ச்சுல ஒரு வெள்ளக்கார ஃபாதர் இருந்தாரு, கேமராவும் கையுமா சுத்துவாரு. அவரு புடிச்சிக் குடுத்தது, பீரோவுலயே கெடந்துச்சி. ஆமா, மேல் ஓரத்த ட்ரிம் பண்ணச் சொன்னேனே?

— பண்ணிட்டேன். டிவியில குடை தெரியாது.

— ஷாபாஷ்.

— யாரு பாய் அது? படிக்கட்டுக்கு மேல நாற்காலி போட்டுனு, குடைக்குக் கீழ ஜம்முனு உக்காந்திருந்தாரே.

— அவரா? அவரு... கணக்குப்பிள்ள. வேல வெட்டி இல்லாம உக்காந்து தின்னுனு இருப்பாரு. அவர எதுக்கு உலகத்துக்குக் காட்டணும்?

— நீங்க சொன்னா சரி பாய். போன்ல ஒரு தடவ பாத்து ஓகே சொல்லிடுங்க. போன வாரமும் சொன்னேன், காலைலயும் சொன்னேன். போன்ல பக்கம் வேற மாதிரி அடுக்கிக்கும்.

— கைக்குட்டை சைஸ்ல ஒரு ஸ்கிரீனு, அதுல இன்னாத்தப் பாக்கறது? தோல யாராவது துண்டு வெட்டிப் பாப்பாங்களா? முழுசா டேபிள்ல விரிச்சி, ஜன்னல் வெளிச்சத்துல நின்னு பாக்கணும். எங்க அப்பாஜான் சொல்லிக் குடுத்தது. அதுக்குத்தான் செவுரளவுக்கு டிவி வாங்கி மாட்டியிருக்கேன்.

— மேடம் டிவிய கார்ல தூக்கினு வர மாட்டாங்க பாய்.

— இரு, நவீத் கூப்புடறான். ஸ்பீக்கர்ல போடறேன், நீயும் கேளு. ஹலோ, நவீத்! தமிழ்லயே பேசுடா, ஹெலன் பக்கத்துல இருக்கு. எங்க வந்துனு இருக்கீங்க?

— பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டிட்டோம்ப்பா. மேடம் பின் சீட்ல இருக்காங்க. போன்ல நம்ம சைட்ட தொறந்து பாத்துனு இருக்காங்க.

— இன்னா சொல்றாங்க? புடிச்சிருக்கா?

— ஒரு சந்தேகம் கேக்கறாங்க. மேல குடை புடிச்சினு உக்காந்திருக்காரே, அவரு யாருன்னு.

— குடையா? எந்தக் குடை?

— படிக்கட்டு மேலப்பா. அவரு மூஞ்சி அப்படியே என் மூஞ்சியாம். காது கூட என் காது மாதிரியே இருக்குன்றாங்க. நானும் பாத்தேன், உண்மதான்ப்பா.

— அவரு... அவரு சும்மா... டிவியில இல்லையே! ஹெலன், டிவியில குடை இல்லையே!

— அப்பறம் தாத்தா போட்டோவ வெரல்ல இழுத்து பெருசு பண்ணிப் பாத்தாங்க. கழுத்துல சிலுவ போட்டிருக்காரு, உங்க தாத்தா கிறிஸ்டியனான்னு கேக்கறாங்க. நான் இன்னா சொல்லட்டும்?

— ஒன்னும் சொல்லாத! சிக்னல் இல்லன்னு சொல்லு! வை போன!... இன்னாம்மா பண்ணி வச்சிருக்க நீ?

— சொன்னதத்தான் பண்ணேன் பாய். டிவி அகலம், போன் ஒசரம். அகலமான ஸ்கிரீன்ல மேல் ஓரம் மறையணும்னு எழுதியிருக்கேன். போன் ஒசரமா இருக்கறதால படம் முழுசா வந்துடுது.

— ட்ரிம் பண்ணியாச்சின்னு சொன்னியே!

— உங்க டேபிள்ல ட்ரிம் பண்ணா ஓரம் தரையில வுழுந்துடும், கூட்டித் தள்ளிடலாம். இங்க வுழாது. மறைவுல குந்தினு இருக்கும்.

— வேணும்னே பண்ணியா?

— வேணும்னே பண்றவ எதுக்கு மூணு வாட்டி போன்ல பாருங்கன்னு சொல்லப் போறா?

— எடு! இப்பவே எடுத்துடு! அந்த உருண்டயத் திருப்பிப் போடு!

— எடுக்கறேன். பம்பாய்ல இருந்து போயிடும். மேடம் கையில இருக்கற காப்பி போவாது பாய். வாச்மேன் இல்லன்னு அப்பவே சொன்னேன்.

— யா அல்லா... நான் இன்னா பண்ணுவேன். ஊர்ல எவன்மா உண்மையச் சொல்றான்? ஒருத்தன் சைட்டுல அவங்க அப்பன் நடந்தே அரக்கோணம் போனான்னு எழுதியிருக்கான். அந்தாளு டாக்சி இல்லாம கக்கூசுக்குக் கூடப் போவ மாட்டான்! வெள்ளக்காரனுக்கு கஷ்டப்பட்டவன் கததான் வேணும். எங்க அப்பா கஷ்டப்படலன்னா அது என் தப்பா?

— இல்ல பாய். கஷ்டப்பட்டவரு பக்கத்துலயே இருந்தாரே, அவர அப்பாவாக்கிட்டீங்க. அப்பாவ வேல வெட்டி இல்லாத கணக்குப்பிள்ளயாக்கிட்டீங்க.

— திரும்பக் கூப்புடறான். நீ பேசுமா.

— நீங்களே பேசுங்க.

— ஹலோ... இன்னாடா... கோவமா இருக்காங்களா?

— இல்லப்பா, சிரிக்கறாங்க. அதான் எனக்கு பயமா இருக்கு. தோல் தூக்கினு வர்றவரு படத்தத்தான் டப்பாவுல போடுவாங்களாம். லேகின் அவரு யாருன்னு தெரியணுமாம். அவரு வீட்டு ஆளு ஒருத்தர் எதிர்ல வந்து, எங்களுக்கு சம்மதம்னு சொல்லணுமாம். இல்லன்னா கார இங்கயே திருப்பச் சொல்றாங்க.

— திருப்பாதடா! வா, மெதுவா வா! டீ வாங்கிக் குடு... கட் பண்ணிட்டான். ஹெலன், அவன் குடும்பத்த நான் எங்க போயி தேடுவேன்? உசுரோட இருக்கானா, செத்துட்டானா? பேரு கூடத் தெரியாதும்மா எனக்கு.

— இருதயராஜ்.

— இன்னா?

— பேரு பாய். இருதயராஜ். எங்கப்பாவோட அப்பா.

— ...ஏம்மா மொதல்லயே சொல்லல?

— கேட்டேனே. இவருதான் உங்க அப்பாவான்னு. பின்ன உங்க அப்பாவான்னு நீங்கதான் கேட்டீங்க. எனக்கு நெஞ்சு எரிஞ்சிச்சி பாய். பன்னெண்டு வயசுல இருந்து அந்தப் படிக்கட்டுல ஏறி எறங்கினவரு. கழுத்து கடைசி வரைக்கும் நேரா நிக்கல அவருக்கு.

— மாப் பண்ணிடும்மா. பெரிய தப்புதான். மேடம்கிட்ட சம்மதம்னு சொல்லுவியா? எனக்காக வேணாம், அந்தப் பொண்ணுங்களுக்காக.

— சொல்லுவேன். எங்க சித்தியும் உங்க தையல் லைன்லதான் உக்காந்திருக்கு. ஆனா படத்துக்குக் கீழ பேரு இருக்கணும். அவரு பேரு, சுமந்தவருன்னு. டிவியிலயும் தெரியணும், போன்லயும் தெரியணும், டப்பா மேலயும் இருக்கணும்.

— போடு, போடு. நீயே எழுது. லேகின் அந்த மேடம் ப்ரூஃப் கேட்டா? அவங்க சும்மா நம்பற ஆளு இல்ல.

— அந்த ஃபாதர் ரெண்டு பிரிண்ட் போட்டாரு பாய். ஒன்னு உங்க பீரோவுல. இன்னொன்னு எங்க வீட்டு செவுத்துல, மாதா படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கு. மேடத்த அங்க கூட்டினு போலாம்.

— அல்ஹம்துலில்லாஹ்! அதே படமா? அப்ப அதுல எங்க அப்பாஜானும் இருப்பாரே. மேடம் அவர யாருன்னு திரும்பக் கேட்டா... ஒரு நல்ல வார்த்த சொல்லி சமாளிச்சிடலாம்ல?

— கவலப்படாதீங்க பாய், அதுல குடை இல்ல. படம் வீட்டுக்கு வந்த அன்னிக்கே எங்க ஆயா கத்திரிய எடுத்து மேல் ஓரத்த ட்ரிம் பண்ணி அடுப்புல போட்டுடுச்சி.