தொடைக்கு அடியில் இரண்டு கைகள்

உட்காரும்போது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வது என் பழக்கம். சோபாவில், பஸ்ஸில், சாப்பாட்டு மேஜையில்கூட. "கை என்ன முட்டையாடா, இப்படி அடைகாக்குற?" என்று அம்மா கேட்பாள். ஒன்பது வயதில் செஸ் கிளாஸில் வந்த பழக்கம். எதற்காக என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

எங்கள் சேலையூர் ஃபிளாட்ஸின் பொங்கல் செஸ் கோப்பை இரண்டு வருடமாக எங்கள் வீட்டு டிவி பக்கத்தில்தான் இருக்கிறது. இந்த வருடம் ஏப்ரலில் முடிச்சூரிலிருந்து ஷ்யாம்சுந்தர் மூன்றாவது மாடிக்குக் குடிவந்தான். என்னைப் போலவே பதினாறு வயது. முதல் நாளே ஆட வந்தான். ஒரு கையில் பஜ்ஜியோடு பதினான்கே நகர்த்தலில் என்னைத் தோற்கடித்தான். அந்த எண்ணெய் என் வெள்ளைக் குதிரையின் காதில் இன்னும் இருக்கிறது. கோபமெல்லாம் இல்லை. துடைக்காமல் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அன்றைக்கே ஒன்றைக் கவனித்தேன். அவன் செஸ் கற்றது முழுக்க போனில். போனில் ஒரு காயைத் தொட்டால் அது எங்கெல்லாம் போகும் என்று புள்ளி காட்டும். பார்த்துவிட்டு வேறு காயைத் தொடலாம். பலகையிலும் அவன் அப்படித்தான். குதிரையைத் தொடுவான், யோசிப்பான், விட்டுவிட்டு ராணியைத் தொடுவான்.

"மச்சான், ஜூன்ல கேம்ப் ரோடு மண்டபத்துல டோர்னமென்ட். எனக்கு போர்டுல ஆடியே பழக்கமில்ல. ரெண்டு மாசம் என்கூட ஆடுறியா?"

"தாராளமா வாடா."

"ஜெயிச்சே ஆகணும்டா. இல்லேன்னா செஸ் கட், போன் பீரோவுக்குள்ளன்னு அப்பா சொல்லிட்டார். மறுநாளே கோச்சிங் சென்டர், காலைல அஞ்சு மணிக்கு. அந்த நேரத்துல நம்ம தெரு நாய்கூட எழுந்திருக்காதுடா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சொல்லிவிட்டு நகத்தைக் கடித்தான்.

தினமும் சாயங்காலம் ஆடினோம். ஒரு நாள்கூட நான் முகம் சுளித்ததில்லை. காயைத் தொட்டுவிட்டு, "ஐயோ, இது வேணாம்" என்பான். "பரவால்லடா, நிதானமா பாரு" என்பேன். அவன் கூச்சப்படக் கூடாதே என்று நானும் தொட்டுத் தொட்டு யோசித்தேன். அதற்காகக் கைகளை மேஜை மேல் வைத்துப் பழகினேன். முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. காயைத் தொட்டுக்கொண்டே யோசித்தால் தெளிவு வரும் என்றுகூட ஒருமுறை சொன்னேன். அது என் தனிப்பட்ட கருத்து.

அவன் அம்மா சாவித்ரி ஆன்ட்டி ஒரு டப்பா நிறைய தட்டை கொடுத்தனுப்பினார். என் மாதிரி பொறுமைசாலி இந்த பில்டிங்கிலேயே கிடையாதாம்.

போட்டியில் ஒரு விதி உண்டு. தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் ஐந்து சுற்றிலும் அவனே ஜெயித்தான். எதிரே இருந்தவர்கள் தோற்கிற பதற்றத்தில் அவன் விரலைப் பார்க்கவில்லை. கடைசிச் சுற்றில் எதிரே சின்மயி. எட்டு வயது, இரண்டு தலையணை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். ஷ்யாம் ராணியைத் தொட்டான். அது அங்கிருந்து நகர்ந்தால் ராஜா காலி. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் தொட்டிருப்பான்.

"சார், இந்த அண்ணா குயினைத் தொட்டுட்டாங்க."

"தொட்டா என்ன?" என்றான் ஷ்யாம்.

மண்டபமே சிரித்தது. நடுவர் விதியை விளக்கி, ராணியைத்தான் நகர்த்த வேண்டும் என்றார். ஷ்யாம் திரும்பி என்னைத் தேடினான். நான் பன்னிரண்டாவது மேஜையில் என் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோப்பை சின்மயிக்குப் போனது, எனக்குப் பதினோராவது இடம். கோப்பைக்காகச் செய்தேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இன்று ராத்திரி பதினொன்றரைக்கு சாவித்ரி ஆன்ட்டி நம்பரிலிருந்து மெசேஜ். ஷ்யாம்தான். அவன் போன் பீரோவில்.

"அந்த ரூல் உனக்கும் தெரியாதாடா?"

"தெரியாதுடா."

அடுத்து ஒரு போட்டோ வந்தது. ஃபிளாட்ஸ் குரூப்பில் யாரோ போட்டது. மண்டபம், பன்னிரண்டாவது மேஜை, நான்.

"என்கூட ஆடுறப்ப கை மேஜை மேலதானே இருக்கும்? இங்க ஏன்டா தொடைக்கு அடியில?"

தவறிக்கூட ஒரு காயைத் தொட்டுவிடாமலிருக்கத்தான் செஸ் கிளாஸில் எங்களை அப்படி உட்காரவைத்தார்கள். அதை அவனுக்கு எழுதாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் டைப் செய்துகொண்டிருப்பது மட்டும் தெரிந்தது. நின்றது. மறுபடி தொடங்கியது. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு நேரம் ஒரு நகர்த்தலுக்குக் காத்திருந்ததில்லை.

"ஏசில கை சில்லுனு ஆயிடுச்சா மச்சான்?"

"ஆமாடா" என்று போட்டேன்.

அவனிடம் நான் இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. இதுவும் பொய்யில்லை. ஒரு கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால்தான் இதை எழுதுகிறேன். இன்னும் சூடு வரவில்லை.