நாற்பத்தொரு முனையும் ஒரு சீட்டும்

31-05-2025, சனிக்கிழமை, மாலை நான்கு மணி. உணவுக்கூடத்தில் இருப்போர்: இன்று பணி நிறைவு பெறும் கருவி அறைப் பொறுப்பாளர் திருமதி சந்திரகலா, அவர் கணவர் இராமதாஸ், தொழிற்சாலை மேலாளர் தெய்வசிகாமணி, பணியாளர் அலுவலர் நிர்மலா, தொழிலாளர் பிரதிநிதி பாவாடை, லேத் ஆபரேட்டர் வெற்றிச்செல்வன், யாரும் அழைக்காமல் காலாப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் அவர் மனைவி கலைமகள், முதல் ஷிஃப்ட் முழுவதும், இரண்டாம் ஷிஃப்ட்டில் மிஷினை நிறுத்த முடிந்தவர்கள், தூக்கத்தை விட்டு வந்த மூன்றாம் ஷிஃப்ட்டார் ஒன்பது பேர்.

இரும்பின் இயல்பு அறிந்தவரே, இரைச்சலுக்குள்ளும் பிழையைக் கேட்டு எழுந்து வருபவரே, முப்பத்தாறு ஆண்டுகள் எங்கள் கைகளுக்குக் கூர்மை கொடுத்தவரே, எங்கள் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சந்திரகலா அக்கா அவர்களே, வணக்கம்.

பிரிவுபசார மடல் என்றால் விடைபெறுகிறவரிடம் எல்லா நற்குணங்களும் இருந்தாக வேண்டும். உங்களிடம் பொறுமை கிடையாது. சிரித்த முகமும் கிடையாது. காலையில் கருவி அறை ஜன்னலுக்கு வந்து வணக்கம் சொன்னால், பதில் வணக்கத்துக்கு முன்னால் "எந்த மிஷின், என்ன மெட்டீரியல்" என்றுதான் கேட்பீர்கள். இல்லாததைச் சேர்த்து எழுதினால் கண்ணாடிச் சட்டம் போட்ட மடலுக்குள் இருக்கும் ஆளை உங்களுக்கே அடையாளம் தெரியாது. அதனால் இருப்பதை மட்டும் எழுதுகிறோம். அதற்கே இந்தத் தாள் போதவில்லை.

ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்களோடு ஒரே பெண்ணாகப் படித்து முடித்து, 1989இல் இங்கே வந்தீர்கள். லேத் என்ற கடைசல் மிஷினில் நிற்க வைக்க அன்றைய நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. கருவி அறையில் எண்ணிக்கை பார்க்க உட்கார வைத்தார்கள். நீங்கள் எண்ணியதோடு நிற்கவில்லை. தேய்ந்து வந்த ஒவ்வொரு முனையையும் பூதக்கண்ணாடியில் பார்த்தீர்கள். நான்கே ஆண்டுகளில், எந்த உலோகத்துக்கு எந்தக் கருவி என்று மேஸ்திரிகள் உங்களிடம் வந்து கேட்கும் நிலை வந்தது.

வந்திருக்கும் உறவினர்களுக்காகச் சொல்கிறோம்: இங்கே உலோகத்தை உலோகம் வெட்டுகிறது. வெட்டுகிற முனைக்கு இன்சர்ட் என்று பெயர். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். துண்டு எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும், ஒரு சுற்றுக்கு முனை எவ்வளவு நகர வேண்டும், எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்ற மூன்றையும், எந்த இன்சர்ட் என்பதையும் அக்கா ஒரு சீட்டில் எழுதி மிஷினில் ஒட்டுவார். சுழல்வது ஸ்பீட், நகர்வது ஃபீட். அந்தச் சீட்டில் ஓர் எண்ணை மாற்ற வேண்டுமானால் அவர் கையெழுத்து வேண்டும். நாங்கள் எதிர்த்துப் பேசாத ஒரே காகிதம் இந்தத் தொழிற்சாலையில் அதுதான்.

பழையதைக் கொடுத்தால்தான் புதியது என்பது உங்கள் சட்டம். பழையது, வெட்டி விழும் சில்லுக்குப்பையில் விழுந்துவிட்டது என்று பாவாடை அண்ணன் ஒருமுறை வந்து நின்றார். நீங்கள் ஒரு காந்தத்தை எடுத்து நீட்டினீர்கள். அவர் முக்கால் மணி நேரம் அலுமினியக் குப்பையைக் கிளறி அந்த நகத்துண்டைக் கண்டெடுத்தார். யூனியனில் இதைப் பற்றிப் பேசப்போவதாகச் சொன்னார். இன்றுவரை பேசவில்லை.

விலை உயர்ந்ததெல்லாம் உயர்ந்தது என்று நீங்கள் என்றும் நம்பியதில்லை. தண்டு ஆடுகிற அந்தப் பழைய துளை மிஷினுக்குக் கார்பைடு டிரில் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பி, சாதாரண ஹெச்.எஸ்.எஸ். எஃகு டிரில்லைத் தீட்டிக் கொடுத்தீர்கள். கார்பைடு கடினமானது, ஆட்டத்தைத் தாங்காமல் பட்டென்று முறியும், ஹெச்.எஸ்.எஸ். கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்றீர்கள். சென்னையிலிருந்து பெட்டியோடு வந்த விற்பனையாளர் ஒருவர், தன் செராமிக் இன்சர்ட் வார்ப்பிரும்பை மூன்று மடங்கு வேகத்தில் வெட்டும் என்று அரை மணி நேரம் விளக்கினார். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த வேகத்துல எங்க சக் வேலைய புடிச்சிக்கிட்டு நிக்குமா தம்பி?" என்று மட்டும் கேட்டீர்கள்; சக் என்பது சுழலும் துண்டைக் கவ்விப் பிடிப்பது. அவர் நம் மிஷினைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து டீ குடித்துவிட்டுப் போனார்.

இவையெல்லாம் எல்லா மடலிலும் எழுதக்கூடியவை. எழுதியாக வேண்டியது பிப்ரவரி மாதம் நடந்தது.

நீங்கள் கண் அறுவைக்காக விடுப்பில் இருந்தீர்கள். அந்த நான்கு நாளில் மூன்றாம் எண் லேத்தில், பம்பு கம்பெனிக்கான எவர்சில்வர் வளையம் ஓடியது. ஆபரேட்டர் வெற்றிச்செல்வன். நாற்பத்தொரு இன்சர்ட் உடைந்தன. பதினொரு வளையங்கள் கழிவுக்குப் போயின. அறையில் உங்களுக்குப் பதிலாக இருந்தவர் உடைந்ததை எண்ணி டப்பாவில் போட்டாரே தவிர எடுத்துப் பார்க்கவில்லை. எண்ணிக்கையைச் சீக்கிரம் முடித்து மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிப்பதற்காக வெற்றிச்செல்வன் ஸ்பீடை ஏற்றிவிட்டார் என்று குற்றச்சாட்டு எழுதப்பட்டது. விசாரணையில் உறுதியானால் பணி நீக்கம். பதினான்கு ஆண்டு வேலை. சீட்டில் இருந்தபடிதான் ஓட்டினேன் என்று அவர் சொன்னார். சந்திரகலா எழுதிய சீட்டில் ஓட்டினால் நாற்பத்தொன்று உடையுமா என்று கேட்டார்கள். எங்களில் பலரும் அப்படித்தான் கேட்டோம். அதையும் இங்கே எழுதிவிடுகிறோம்.

விசாரணைக்கு முந்தின நாள் கலைமகள் குருசுக்குப்பத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தார். நீங்கள் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். தன் கணவர் பொய் சொல்கிறாரா என்று உங்களிடம் கேட்டதாக அவரே எங்களிடம் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் ஆறுதலாக ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: "எனக்குத் தெரியாதும்மா. இன்சர்ட்ட பாத்தாத்தான் தெரியும். காலையில பாக்குறேன்."

டாக்டர் சொன்ன ஓய்வு முடியாமலே மறுநாள் காலை ஆறரை மணிக்கு வந்தீர்கள். நாற்பத்தொன்றையும் வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து, நல்ல கண்ணால் பார்த்தீர்கள். ஸ்பீட் கூடியிருந்தால் முனை வெந்து மழுங்கியிருக்கும். ஒன்றுகூட அப்படி இல்லை. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், நுனியிலிருந்து மயிரிழை தள்ளி, எலி கடித்தது போல் ஒரு பள்ளம். அங்கிருந்துதான் உடைந்திருந்தது. பிறகு கோப்பிலிருந்து சீட்டின் நகலை எடுத்தீர்கள். ஜனவரியில் நீங்களே திருத்திய சீட்டு.

வளையத்தில் கோடு தெரிகிறது என்று ஜனவரியில் பம்பு கம்பெனி புகார் அனுப்பியிருந்தது. உங்களுக்கு இரண்டாண்டு பணி நீட்டிப்புக் கேட்ட கோப்பு மேலாளர் மேசைக்குப் போனதும் அதே வாரம்தான். வழவழப்பாக வரட்டும், இன்னொரு புகார் வேண்டாம் என்று, கால் மில்லிமீட்டராக இருந்த ஃபீடை மில்லிமீட்டரில் நூற்றில் ஆறு பங்காகக் குறைத்தீர்கள். ஆழத்தையும் குறைத்தீர்கள். எவர்சில்வரில் அதைச் செய்யக் கூடாது. முனை கடிக்காமல் தேய்த்துக்கொண்டே போனால் அதன் மேல்தோல் இறுகிவிடும். அடுத்த சுற்றில் முனை அந்த இறுகிய தோலிலேயே மாட்டிக்கொள்ளும். இதை இருபது ஆண்டுகளாக எங்களுக்குச் சொல்லி வந்தவர் நீங்கள்.

பதினொரு மணிக்கு விசாரணை. நிர்வாகத்தின் சாட்சியாக உங்களை அழைத்திருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் மேலாளர், நிர்மலா மேடம், பாவாடை அண்ணன், வெற்றிச்செல்வன், நீங்கள். நடந்ததைப் பாவாடை அண்ணன் வழியாக அறிந்தோம். நிர்மலா மேடம் எழுதிய குறிப்பும் அதையே சொல்கிறது.

"ஒரே கேள்விதாம்மா. சீட்டு சரியாத்தான இருந்துச்சு?" என்றார் மேலாளர்.

"இல்ல சார். சீட்டு தப்பு. எழுதுனது நான்."

மேலாளர் நிர்மலா மேடத்தை எழுதுவதை நிறுத்தச் சொன்னார். "யோசிச்சு சொல்லுங்க. உங்க எக்ஸ்டென்ஷன் ஃபைலு இன்னும் என் மேசையிலதான் இருக்குது."

"அதுக்குப் பயந்துதான் சார் ஃபீட கொறச்சேன். நிர்மலா, நீ எழுதும்மா."

ஒரு நாளாவது வந்து சொல்லியிருக்கலாமே என்று மேலாளர் வெற்றிச்செல்வனைக் கேட்டார். "அக்கா எழுதுனது தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல சார். எங்கையிலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

வார்த்தையை நம்ப மேலாளர் தயாராக இல்லை. அதில் தவறும் இல்லை. மிஷினில் காட்டச் சொன்னார். ஃபீட் பழையபடி கால் மில்லிமீட்டர், ஆழம் ஒன்றரை, ஸ்பீட் முன்பைவிடக் கொஞ்சம் குறைவு, ஒரே ஒரு புது முனை. அது உடைந்தால் உங்கள் பேச்சு ஆபரேட்டரைக் காப்பாற்றச் சொன்ன பேச்சாகிவிடும்; வெற்றிச்செல்வன் வீட்டுக்குப் போவார். மூன்றாம் எண் லேத்தைச் சுற்றி நாங்கள் எல்லோரும் நின்றோம். அவரையே ஓட்டச் சொன்னீர்கள்.

முனை வளையத்தைத் தொடும் நேரம். வெற்றிச்செல்வனின் கை ஃபீடைக் குறைக்கும் திருகுக்குப் போனது. அவர் வேண்டுமென்றே செய்யவில்லை. நாற்பத்தொரு தடவை உடைந்ததைப் பார்த்த கை அது.

"கைய எடுறா," என்றீர்கள். "நான் பண்ணத நீயும் பண்ணாத."

எடுத்தார். முனை கடித்தது. அதுவரை கம்பிச் சுருளாக வந்து சக்கில் சிக்கிய சில்லு, சின்னச் சின்ன வளைவுகளாக உடைந்து தட்டில் கொட்டியது. ஒன்று, இரண்டு, ஐந்து. எட்டாவது வளையத்தில் நீங்கள் ஒரு ஸ்டூல் கேட்டீர்கள். பதினான்காவது வளையம் முடிந்து முனையைக் கழற்றி மேலாளர் கையில் கொடுத்தீர்கள். அது இன்னும் வெட்டும் நிலையில் இருந்தது. கடைசி மெருகுக்கு மட்டும் வேறு இன்சர்ட் போட்டு ஓட்டிக் காட்டினீர்கள். கோடும் தெரியவில்லை.

குற்றச்சாட்டு அன்று மாலையே திரும்பப் பெறப்பட்டது. உங்கள் கோப்பு மூன்று வாரம் கழித்து ஒற்றை வரியோடு திரும்பி வந்தது: நீட்டிப்பு இல்லை. மேலாளர் இங்கே இருக்கிறார்; அவர் எதிரில்தான் படிக்கிறோம். பதினான்கு வளையமும் முடியும்வரை அசையாமல் நின்றவர் அவர். அந்த ஒற்றை வரிக்குக் கீழே கையெழுத்திட்டவரும் அவர்தான். இரண்டும் உண்மை என்பதால் இரண்டையும் எழுதுகிறோம்.

நீங்கள் அந்த ஜனவரிச் சீட்டைக் கருவி அறை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, சிவப்பு மையில் "இது நான் எழுதியது, தப்பு" என்று தேதி போட்டு வைத்தீர்கள். உங்களுக்கு அடுத்து யார் என்று நிர்வாகம் கேட்டபோது வெற்றிச்செல்வன் பெயரைச் சொன்னீர்கள். முதல் முனை உடைந்தபோதே வந்து கேட்காதது அவர் குற்றம், இனி ஆயுளுக்கும் அதைச் செய்யமாட்டார் என்று காரணமும் சொன்னீர்கள். பாராட்டு என்ற பெயரில் உங்கள் வாயிலிருந்து நாங்கள் கேட்டது அது ஒன்றுதான்.

அக்கா, உங்களைத் தெய்வம் என்றும் தாய் என்றும் எழுத எங்களுக்குத் தோன்றவில்லை. தன் தவறைத் தன் வாயால் சொன்னால் என்ன போகும் என்று கணக்காகத் தெரிந்தும் சொன்ன ஓர் ஆளோடு வேலை செய்தோம். பெரும்பாலானவர்களுக்கு அது வாய்ப்பதில்லை.

இரண்டு கண்ணும் தெளிந்து, முட்டிவலி விலகி, இராமதாஸ் அண்ணனோடு காலையில் கடற்கரைச் சாலையில் நெடுங்காலம் நடந்து, நல்ல பசியோடும் நல்ல தூக்கத்தோடும் நூறாண்டு வாழுங்கள். சந்தேகம் வந்தால் போன் செய்வோம். திட்டிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
மூன்று ஷிஃப்ட் பணியாளர்கள்,
புதுச்சேரி.

சட்டம் போடக் கொடுக்குமுன் அடியில் சேர்த்தது:

மடலை வாசித்து முடித்ததும் அக்கா ஏற்புரை சொல்லவில்லை. தேய்ந்த இன்சர்ட் டப்பாவில் தேதி எழுதாமல் போடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கலைமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். ஐந்தரை மணிக்கு அக்கா, இரண்டாம், மூன்றாம் ஷிஃப்ட்டுக்கு வேண்டிய இன்சர்ட்டுகளை மிஷின்வாரியாக எண்ணி வெளியே வைத்துவிட்டு, பையை எடுக்கக் கருவி அறைக்குள் போனார். பத்து நிமிடம் ஆயிற்று. யாரும் கூப்பிடவில்லை. வெளியே வந்து நடக்கத் தொடங்கியவர் நின்று, அறைக்குள் ஒருமுறை பார்த்துவிட்டுச் சாவியோடு வந்த வெற்றிச்செல்வன் பக்கம் திரும்பினார்.

"ஃபேன அணைச்சியா?"

"அணைச்சிட்டேன்க்கா."

தலையாட்டிவிட்டு இராமதாஸ் அண்ணன் நின்றிருந்த பக்கம் நடந்தார். வெற்றிச்செல்வன் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.