கடைசி ரெண்டு சுத்து

— இந்தக் காலத்து ஆளுங்களுக்குக் கை எதுக்கு இருக்குன்னே தெரியலை. விரலால தடவினா மதகு திறக்கணுமாம்! நேத்து மாட்டின மோட்டார் இன்னிக்குப் புகைஞ்சதும் கிழவன் ஞாபகம் வருதாக்கும்?

— மாமா, அப்புறமா திட்டுங்க. முதல்ல சக்கரத்தைப் பிடிங்க. தண்ணியைப் பாருங்க, செங்கல்லைக் கரைச்ச மாதிரி வருது! அத்தனையும் வண்டல்!

— முப்பத்தாறு வருஷம் இதே வெள்ளத்தை உள்ள விடாம காத்தவன் நான். இப்போ என் மருமகளே திறங்கன்னு நிக்கறா. பெரிய இன்ஜினியர்!

— காத்து என்ன ஆச்சு? வண்டல் மொத்தமும் கடலுக்குப் போச்சு. இந்தப் பக்கம் நிலம் அமுங்கிக்கிட்டே போகுது. நம்ம கிணறே உப்பு.

— கரிச்சா கரிக்கட்டும். வீடு மூழ்கலையே.

— மூழ்காது. வீடுகளுக்கு முன்னால புதுக் கரை போட்டிருக்கோம். தரிசுல மட்டும்தான் பரவும். மத்தியானத்துக்குள்ள ஆத்துல வெள்ளம் வடிஞ்சிடும் மாமா. இந்த வெள்ளத்தை விட்டா திட்டத்தையே மூட்டை கட்டச் சொல்லிட்டாங்க மேலதிகாரிங்க.

— உன் காகிதத்தை ஆறு படிச்சிருக்கா?

— ஆறே எழுதிக் காட்டியிருக்கு! ஏழாம் மதகுக்குக் கீழ ஒரு திட்டு. சுத்தியும் அமுங்க, அது மட்டும் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கு. கோரை, நண்டு, கொக்கு! அதைப் பார்த்துத்தான் இந்தத் திட்டமே போட்டேன்.

— ஏழாம் மதகா?

— ஆமா. ஆறு தானாவே வழி கண்டுபிடிச்சிருக்கு!

— சரி, சரி. காது கிழியுது. தள்ளு. ஒண்ணாவதுல இருந்து வருவோம். ஒவ்வொண்ணுக்கும் முப்பது சுத்து. எண்ணிக்கிட்டே வா.

— இருபத்தொன்பது, முப்பது! ஆறாவதும் திறந்தாச்சு! மாமா, பாயுது பாருங்க! ஐயோ, கொக்கெல்லாம் கிளம்பிடுச்சு!

— குதிக்காதே, பலகை ஆடுது. இன்னும் ஒண்ணு இருக்கு.

— இருபத்தேழு, இருபத்தெட்டு... ஏன் விட்டுட்டீங்க? இன்னும் ரெண்டு சுத்து இருக்கே! எங்க போறீங்க?

— வீட்டுக்கு. அரிசி மூட்டையைப் பரண் மேல ஏத்தணும். இந்த மதகுக்கு இருபத்தெட்டுதான். மூடும்போது கடைசி ரெண்டு சுத்து இறுகும், தோள்பட்டை விண்ணுனு வலிக்கும். வெள்ளத்துக்கு வெள்ளம் அப்படியே விட்டுட்டு, ‘முழுசா மூடியாச்சு’ன்னு நோட்டுல எழுதிட்டுப் போயிடுவேன். ஆறு வழி கண்டுபிடிச்சுதாம்! ஒரு சோம்பேறியை நம்பிக் கரையையே திறந்துட்டு நிக்கறே!