நாந்திக்குப் போகாத விண்ணப்பம்

— உங்கட பேர் எழுதியிருக்கிறியள், விலாசம் எழுதியிருக்கிறியள், மனைவி எண்ட இடத்தில வசந்தமலர் எண்டு முத்து முத்தா எழுதியிருக்கிறியள். அதுக்குப் பிறகு நாலு பக்கமும் வெறுமை. பேனையில மை முடிஞ்சு போச்சோ?

— கராஜுக்க என்னத்துக்குப் போனனீ, மலர்?

— பெட்டி ஒட்டுற ரேப் தேடிப் போனன். ஸ்பானர் பெட்டியைத் திறந்தால் ரேப் இல்லை, இதுதான் கிடந்தது. ஃபிஜி விசாவுக்கு அனுப்பியாச்சு எண்டெல்லோ எனக்குச் சொன்னனியள்.

— அனுப்பத்தான் இருந்தனான்.

— மூண்டு கிழமையாவோ?

— அது வந்து… முதல் ரீயைக் குடி. ஆறுது.

— ஆறட்டும். இஞ்சாருங்கோ, வீட்டுக்காரன் தன்ர மகனுக்கு இந்த வீடு வேணும் எண்டு கடிதம் தந்திட்டான். வாற மாதம் முடிய நாங்கள் கிளென் ஈடனை விட்டு வெளிக்கிடவேணும். ராகேஷ் அண்ணை ஃபிஜியில, நாந்தி டவுனில தன்ர கீழ் வீட்டை எங்களுக்கெண்டு பூட்டி வைச்சிருக்கிறார். திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லாட்டி வேற ஆக்களுக்குக் குடுத்திடுவார். இண்டைக்குச் சனி.

— தெரியும்.

— தெரிஞ்சுகொண்டுதான் ஒளிச்சு வைச்சனியளோ?

— ஒளிக்கேல்லை. எடுத்து வைச்சனான்.

— இருபது வருசம் உங்களோட ஹென்டர்சன் பாக்டரியில ஒரே மெசினில நிண்ட மனுசன். தன்ர நாட்டுக்குத் திரும்பிப் போய், அங்க இருந்து எங்களை நினைச்சுக் கூப்பிடுறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்லுறது? என்ர மனுசன் விண்ணப்பத்தை ஸ்பானருக்குக் கீழ வைச்சிருக்கிறார் எண்டோ?

— நான் என்ன சொல்லுறன் எண்டால், மலர், இஞ்ச ஒக்லண்டிலயே வேற வீடு ஒண்டு பாத்தால் என்ன? பாபகூராப் பக்கம். மகள் பிரணவிக்கும் கிட்ட.

— பாத்தம்தானே. மூண்டு வீடு பாத்தம், மூண்டிலயும் அலுமாரிக்குப் பின்னால கறுப்புப் பூஞ்சணம். வாடகையைக் கட்டினால் பென்ஷனில மிஞ்சிறது கரண்டுக்கே காணாது எண்டு சொன்னது நீங்கள். அதே பென்ஷன் ஃபிஜியிலயும் வரும், அங்க அதில மனுசர் மாதிரிச் சீவிக்கலாம் எண்டு சொன்னதும் நீங்கள்.

— சொன்னனான்தான்.

— நாந்தியில பத்து நாள் நிண்டம். நான் எத்தினை தரம் இன்ஹேலர் அடிச்சனான்?

— ஒருக்கா.

— அதுவும் பிளேனால இறங்கின அண்டைக்கு. பிறகு சந்தைக்கு நடந்து போய் முருங்கையிலையும் ஈரப்பலாக்காயும் தூக்கிக்கொண்டு வந்தனான். வழியில ஒரு இடத்திலயும் நிக்கேல்லை. திரும்பி வந்த அடுத்த கிழமை இந்த வாசல் படியில மூச்செடுக்கேலாமல் குந்தினனான். நீங்கள் செருப்பும் போடாமல் ஓடி வந்து என்ர முதுகைத் தடவினனியள்.

— அதை மறப்பனே?

— மறக்கேல்லை எண்டால் பிறகென்ன? அங்க எண்டால் இந்த ஈரம் இழுக்கிற மெசின் வாளியைக் காலமை காலமை ஊத்தத் தேவையில்லை. ஜன்னலைத் திறந்தால் காத்து வரும், அவ்வளவுதான்.

— எனக்கும் அது விருப்பம்தான், மலர்.

— விருப்பம் எண்டு வாய் சொல்லுது. கை எழுதுதில்லை. அப்ப ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. என்னைத் தனிய அனுப்பிப்போட்டு நீங்கள் பிள்ளையோட நிக்கப்போறியளோ?

— என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?

— இல்லாட்டி டொக்டர் ஏதும் சொன்னவரோ? இரத்தம் குடுத்துப்போட்டு வந்தனியள், முடிவு என்ன எண்டு எனக்குச் சொல்லேல்லை.

— கொலஸ்ட்ரோல் கொஞ்சம் கூட. வேற ஒரு வருத்தமும் இல்லை. உன்னாணை.

— பிறகேன் இந்த ரெண்டு கிழமையாச் சாப்பாட்டைப் பிசைஞ்சுபோட்டு எழும்பிறியள்… ரெலிபோன் அடிக்குது. பிரணவிதான். ஸ்பீக்கரில போடுங்கோ, நானும் கேக்கிறன்.

— ஹாய் அப்பா. அம்மா பக்கத்தில நிக்கிறாவா?

— நிக்கிறன் பிள்ளை, சொல்லு.

— ராகேஷ் அங்கிள் எனக்கு மெசேஜ் பண்ணினவர். ஹி இஸ் ஸ்டில் வெயிட்டிங். வாட்ஸ் ஹேப்பனிங்?

— அதை அப்பாட்டைக் கேள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன்.

— அப்பா, இஸ் இட் பிகாஸ் ஒஃப் மீ? என்னால எண்டா, ப்ளீஸ் டோன்ட். எனக்கு இருபத்தேழு வயசு. எனக்கு வேலை இருக்கு, ஃபிளாட் இருக்கு. அம்மா ஒழுங்கா மூச்செடுக்கிற இடத்தில நீங்க ரெண்டு பேரும் இருந்தா ஐ கேன் ஸ்லீப். மூண்டு மணித்தியாலம்தான் ஃபிளைட். ட்ராஃபிக் எண்டா பாபகூராவில இருந்து உங்கட வீட்டுக்கு வாறதுக்கே அதில பாதி போகுது.

— உன்னால இல்லை, பிள்ளை.

— தென் வாட்?

— திங்கக்கிழமைக்குள்ள சொல்லுறன்.

— யூ ஓல்வேஸ் சே தட். ஓகே, ஃபார்மசியில கியூ நிக்குது, ஐ காட் டு கோ. அம்மா, அப்பாவை விடாதீங்கோ. லவ் யூ. பை.

— வைச்சிட்டாள். இப்ப சொல்லுங்கோ பாப்பம். பிள்ளையும் இல்லை, வருத்தமும் இல்லை. வேற என்ன?

— அந்தக் கதிரையில இரு, மலர்.

— இருந்திட்டன்.

— ஃபிஜிக்காரர் பிறப்புச் சாட்சிப்பத்திரம் கேக்கிறாங்கள். நியூசிலாந்துப் பாஸ்போட் மட்டும் காணாதாம்.

— கேக்கட்டும். குடுங்கோ.

— அதில இருக்கிற வருசமும் பாஸ்போட்டில இருக்கிற வருசமும் ஒண்டில்லை.

— ம்.

— பாஸ்போட்டில கிடக்கிறது ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபது. நான் பிறந்தது ஐம்பத்தைஞ்சு. ஆவணியில பிரணவி கேக் வாங்கிக்கொண்டு வந்து வெட்டினாளே, அண்டைக்கு எனக்கு அறுபத்தைஞ்சு இல்லை. எழுபது.

— ம்.

— என்ன 'ம்'? விளங்குதே நான் சொல்லுறது?

— விளங்குது. நிப்பாட்டாதேங்கோ, முழுக்கச் சொல்லுங்கோ.

— தொண்ணூற்றைஞ்சில, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் செய்த வேலை. நாப்பது வயசுக்காரனுக்கு விசா எடுக்கேலாது, முப்பத்தைஞ்சு எண்டு போடுறன் எண்டான். கொழும்பு லொட்ஜில கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த காலம், நான் என்ன சொல்ல? இஞ்ச ஒக்லண்ட் எயாப்போட்டில இறங்கி அகதி எண்டு சொல்லேக்க உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயம். வயசை மாத்திச் சொன்னால், மற்றதையும் பொய் எண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்களோ எண்டு பயம். பாஸ்போட்டில இருந்ததையே சொன்னன். ஒருக்காச் சொன்னதுதான், மலர். பிறகு லைசன்ஸ், பாங்க், சிற்றிசன், எங்கட கலியாணப் பதிவு, பிரணவியின்ர பேர்த் சேட்டிபிக்கற், எல்லாத்திலயும் அந்த அறுபது ஏறிப்போச்சு.

— இவ்வளவுதானே?

— இவ்வளவுதானே எண்டு கேக்கிறாய். என்ர சிற்றிசனைப் பறிச்சுப்போடுவாங்களோ எண்டு எத்தினை வருசம் பயந்து திரிஞ்சனான் தெரியுமே? கவர்மெண்ட் கடிதம் ஒண்டு வந்தால் பிரிக்கவே மாட்டன்.

— அதுதான் எல்லாக் கடிதத்தையும் என்னட்டைத் தந்து பிரிக்கச் சொல்லுறனியளோ? நான் உங்களுக்குக் கண் தெரியேல்லை எண்டெல்லோ நினைச்சன்.

— சிரிக்காதை.

— சிரிக்கேல்லை. இதைச் சொல்லுங்கோ முதல். உங்களுக்கு என்னோட நாந்திக்கு வர விருப்பம்தானே?

— விருப்பம் இல்லாமலோ? அந்தக் கீழ் வீட்டுக் கதவுக்கு என்ன பெயின்ற் அடிக்கிறது எண்டதுவரைக்கும் யோசிச்சு வைச்சிருக்கிறன்.

— அப்பாடா. ரெண்டு கிழமையா என்ர நெஞ்சில கிடந்த கல்லு இறங்கிச்சுது. வேற எது எண்டாலும் பாக்கலாம். சிற்றிசனைப் பறிப்பாங்களோ? ஆரையும் கேட்டனியளோ?

— வியாழக்கிழமை கேட்டனான். மீன் வாங்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனது அங்கதான்.

— மீனும் இல்லாமல் வந்து, கடை பூட்டு எண்டனியள். வியாழக்கிழமை பத்து மணிக்கு எந்த மீன்கடை பூட்டு எண்டு நானும் யோசிச்சனான்.

— ஹென்டர்சனில காசு வாங்காமல் சட்டம் சொல்லிக்குடுக்கிற இடம் ஒண்டு இருக்கு. ஒரு பொம்பிளை லோயர். நான் சொல்லச் சொல்ல எழுதினவ. எல்லாம் முடிய, கண்ணாடியைக் கழட்டி வைச்சிட்டு என்னைப் பாத்தா. 'அப்ப நீங்கள் அஞ்சு வருசம் கூட வேலை செய்திருக்கிறியள்' எண்டா. நான் மறியலுக்குப் போகவேண்டி வருமோ எண்டு கேக்கப் போனனான், அவ பென்ஷனைப் பற்றிக் கதைக்கிறா.

— அஞ்சு வருசமா நானும்தானே வேலையை விடுங்கோ, விடுங்கோ எண்டு கத்தினனான்.

— அறுபத்தைஞ்சு வரட்டும், அப்பதான் பென்ஷன் வரும் எண்டு நான் உனக்குச் சொல்லுவன். சொல்லிப்போட்டு மெசினடிக்குப் போய் நிண்டால் கால் ரெண்டும் எழுபது எண்டு சொல்லும்.

— லோயர் பிறகு என்ன சொன்னவ?

— சண்டை நடந்த நாடுகளில இருந்து வந்தவையின்ர இப்பிடி அலுவல் கனக்கத் தான் பாத்திருக்கிறாவாம். நாங்களாப் போய்ச் சொல்லி, வருசத்தைத் திருத்தச் சொல்லிக் கேக்கிறதுதான் சரியாம். பொய் சொல்லி நான் கூட ஒண்டும் எடுக்கேல்லை, குறையத்தான் எடுத்திருக்கிறன், அது நல்லமாம். சத்தியம் பண்ணித் தரேலாது, ஆனால் நீங்கள் பயந்து சாகிற கேஸ் இது இல்லை எண்டா. வெளியில வந்து காருக்குள்ள இருந்து கொஞ்ச நேரம் அழுதனான், மலர். கதவைப் பூட்டிக்கொண்டு.

— என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்தானே.

— உனக்குச் சொல்லுறதுதான் எனக்குப் பெரிய வேலையாக் கிடந்தது. கவர்மெண்டுக்குச் சொல்லுறதை விட.

— ஏன்?

— புஷ்பவதி அக்கா.

— அக்காவுக்கும் இதுக்கும் என்ன?

— உன்ர அக்காவைப் பதினைஞ்சு வயசு மூத்தவருக்குக் கட்டிக்குடுத்தவை. அவர் செத்துப்போக, முப்பத்தெட்டு வயசில மூண்டு பிள்ளையளோட தனிச்சுப் போனவ. அதைக் கண்ணால பாத்துப்போட்டு, நாலஞ்சு வயசுக்கு மேல மூத்த மாப்பிள்ளை எண்டால் வேண்டவே வேண்டாம் எண்டு நீ ஒற்றைக்கால்ல நிண்டனீ. தரகர் என்னட்டைச் சொன்னவர். அறுபது எண்டால் உனக்கும் எனக்கும் நாலு வயசு, சரியாப் பொருந்துது எண்டார். உண்மையில ஒம்பது. வீடு கேக்கேல்லை, நகை கேக்கேல்லை, நீ கேட்டது அது ஒண்டுதான். அதிலதான் நான் உன்னை ஏமாத்தினனான்.

— கலியாணம் பேசேக்க, வவுனியாக் கொமினிக்கேசன் கடையில உங்கட முதல் ரெலிபோன் கோலுக்கு ரெண்டு மணித்தியாலம் காத்துக்கொண்டு நிண்டனான். எடுத்த உடன, 'உங்களுக்கு ஒரு விசயம் சொல்லவேணும்' எண்டு தொடங்கினனியள். ஞாபகமோ?

— ஞாபகம் இல்லாமலோ. அதுக்குள்ள ரெலிபோன் காட் முடிஞ்சு லைன் கட்டாகிப் போச்சு.

— அடுத்த தரம் எடுக்கேக்க, அது என்ன விசயம் எண்டு கேட்டனான். ஒண்டுமில்லை, சோறு குழையாமல் எப்பிடி வடிக்கிறது எண்டு கேக்கத்தான் எண்டனியள்.

— இருந்த துணிவு அந்த முதல் காட்டோட முடிஞ்சு போச்சு.

— இருபத்தெட்டு வருசமாச் சோறு வடிக்கவும் படிக்கேல்லை.

— நீ கோவிக்கலாம், மலர். கோவிக்கத்தான் வேணும்.

— அதைப் பேந்து பாப்பம். லோயருக்கு என்னென்ன கடதாசி வேணுமாம்?

— பிறப்புச் சாட்சிப்பத்திரம் வந்திட்டுது. தங்கச்சியின்ர மகள் கிருசாந்தி யாழ்ப்பாணத்தில அரசாங்கக் கச்சேரியில எடுத்து அனுப்பினவள். இந்தா, பொக்கற்றுக்குள்ளதான் கொண்டு திரியிறன். என்ர சத்தியக் கடதாசி வியாழக்கிழமையே எழுதியாச்சு. உன்ர ஒண்டும் வேணுமாம். கலியாணப் பதிவிலயும் பிழையான வருசம் கிடக்கிறபடியால், மனுசன்ர சரியான வயசு உனக்கு எப்ப தெரியவந்தது எண்டு எழுதிக் கையெழுத்து வைக்கவேணும்.

— எப்ப தெரியவந்தது எண்டோ?

— ஓம். திங்கக்கிழமை காலமை ரெண்டையும் குடுத்தால், ஃபிஜி விண்ணப்பத்தோட வைக்கிறதுக்கு ஒரு கடிதம் தாறன் எண்டவ. நீ மட்டும் ஓம் எண்டால் ராகேஷுக்கு இண்டைக்கே சொல்லிப்போடலாம்.

— அப்ப சொல்லுங்கோ. இப்பவே ரெலிபோன் எடுத்துச் சொல்லுங்கோ. கீழ் வீட்டைத் திறந்து காத்துப் போக விடச் சொல்லுங்கோ.

— எடுக்கிறன், எடுக்கிறன். இப்பதான் ஒழுங்கா மூச்சு வருது எனக்கு. முதல் இதை முடிப்பம். நான் தமிழில எழுதுறன், பிரணவி இங்கிலீசில மாத்தித் தருவாள். கேள், சரியோ எண்டு. 'வசந்தமலர் ஆகிய நான், எனது கணவர் கதிர்காமநாதனின் உண்மையான பிறந்த வருடத்தை இன்றைய தினமே முதன்முதலாக அறிந்துகொண்டேன்.' கீழ கையெழுத்து. இந்தா பேனை.

— இதில நான் கையெழுத்து வைக்க மாட்டன்.

— மலர்.

— கோவத்தில சொல்லேல்லை. சத்தியக் கடதாசியில பொய் எழுதக்கூடாது.

— இதில என்ன பொய் கிடக்குது?

— 'இன்றைய தினமே' எண்டதை வெட்டிப்போட்டு, தொண்ணூற்றேழாம் ஆண்டு பங்குனி மாதம் எண்டு போடுங்கோ. தரகருக்குத் தெரியாமல் உங்கட அம்மா உங்கட சாதகத்தை என்ர கையில தந்தவ, அதில ஐம்பத்தைஞ்சு எண்டு கிடந்ததைப் பாத்துப்போட்டுத்தான் நான் கலியாணத்துக்கு ஓம் எண்டனான்.