என் புகாரில் என் பாத்ரூம்

புதூர்நாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்த ஜீப்பில், புது பிளாஸ்டிக் பக்கெட்டை மடியில் வைத்திருந்தவர் பக்கத்து அம்மாளிடம் சொன்னார்: "நான் குடுத்த புகாருக்கு என் பாத்ரூமயே இடிச்சிட்டாங்கக்கா."

"இன்னா தம்பி சொல்ற?"

"பக்கத்து வூட்டுக்காரன் பொது வழிய வளைச்சி மாடி கட்டிட்டான். பஞ்சாயத்து ஆபீசுக்கு நடையா நடந்தேன். ஒருவழியா இடிக்கறதுக்கு ஜேசிபி அனுப்னாங்க."

"அப்புறம்?"

"வண்டிய திருப்ப எடமில்ல. எடத்தத்தான் அவன் புடிச்சிக்கினானே. எதிர்ல இருந்த என் பாத்ரூம எடுத்துட்டா திருப்பிடலாம்னாங்க. நானே பக்கெட்டு, சோப்பெல்லாம் வெளிய எடுத்து வெச்சேன். வண்டி பின்னால வந்து பக்கெட்டு மேல ஏறிடுச்சி."

"சரி, அவன் வூட்ட இடிச்சாங்களா?"

"எங்க. மலைய எறங்கறதுக்குத்தான் டீசல் இருக்கு, இன்னொரு நாள் வர்றோம்னு போய்ட்டாங்க."

அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். டிரைவரின் தோள்களும் குலுங்கின. வண்டி அப்போது கொண்டை ஊசி வளைவில் இருந்ததால் நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

"இப்ப எங்க குளிக்கற?"

"அவன் வூட்லதான். மாடில ரெண்டு பாத்ரூம் கட்டிகிறான். பாவம், எனக்கு சுடுதண்ணிகூட வெச்சித் தர்றான்."

"திரும்பி இடிக்க வந்தா?"

"நாளைக்கு வர்றாங்களாம்." அவர் பக்கெட்டை இழுத்து அணைத்துக்கொண்டார். "வண்டிக்கு குறுக்க நாந்தான் படுக்கப் போறேன்."